தாது வருடப் பஞ்சமும் தடம் மாறிய காற்றும்

ஆங்கிலேயர் 'ட்றேட் விண்ட்' என்று அழைக்கும் காற்றுக்கு நமது பாடநூல்கள் இரண்டு பெயர்களைத் தந்துள்ளன. ஒன்று வியாபாரக் காற்று. மற்றையது தடக்காற்று. முதலாவதே பெருவழக்காயிற்று. ஆயினும் இரண்டாவது பெயரைச் சூட்டியவரே சொல்லின் வேரை அறிந்தவர். முற்கால ஆங்கிலத்தில் 'ட்றேட்' என்ற சொல் வழி, தடம் என்னும் பொருளில் வழங்கியது. ஒரே தடத்தில் மாறாது வீசும் காற்று என்பதே மாலுமிகள் அதற்குக் கொண்ட பொருள். அக்காற்றை நம்பிக் கப்பல் செலுத்திய வணிகர்கள் பெரும் பொருள் ஈட்டிய பின்னரே அப்பெயருக்கு வியாபாரம் என்ற பொருள் ஏறிற்று.

அந்தத் தடம் மாறியதனால் நேர்ந்த வறட்சியையும், அவ்வறட்சியைச் சாட்டாக வைத்து நடந்தேறிய ஒரு பேரழிவையும் பற்றியதே இக்கட்டுரை. தமிழகத்தில் இன்றும் முதியோர் வாய்மொழியில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று வழங்குவது அதுவே. 1876ஆம் ஆண்டு தாது வருடத்தில் தொடங்கி, அடுத்த ஈசுவர வருடம் முழுவதும் நீடித்து, 1878 இல் ஓய்ந்தது. சிவகங்கை வில்லியப்ப பிள்ளை அதனை அங்கதமாகப் பாடிய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' தமிழிலக்கியத்தில் தனித்து நிற்கும் ஒரு நூல். அப்பஞ்சம் நமது நாட்டின் மக்கட்தொகையிலும் தன் அடையாளத்தைப் பதித்துச் சென்றது. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் காற்றைப் பார்ப்போம்.

காற்றின் ஒழுங்கை முதலில் அறிந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், கடலோடிகள். கிறித்துவுக்குப் பிற்பட்ட முதலாம் நூற்றாண்டிலேயே செங்கடலிலிருந்து புறப்பட்ட கிரேக்க மரக்கலங்கள் தென்மேற் பருவக்காற்றைப் பின்னால் வாங்கி முசிறிக்கு வந்தன. ஸ்பானியக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், மெக்சிக்கோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பசுபிக் சமுத்திரத்தின் கீழைக்காற்றில் மிதந்தே மணிலாவை அடைந்தன. இவர்களில் எவரும் காற்று ஏன் வீசுகிறது என்று கேட்டதாகத் தெரியவில்லை. எப்போது வீசும் என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

'ஏன்' என்ற கேள்வியை முறையாக எழுப்பியவர்களில் முதன்மையானவர் எட்மண்ட் ஹலி. வால்வெள்ளி ஒன்றுக்குத் தம் பெயரை ஈந்த அதே ஹலிதான். இருபது வயதில் தென் அத்திலாந்திக்கில் உள்ள சென். ஹெலினாத் தீவுக்கு விண்மீன்களைக் கணக்கிடச் சென்றவர், கடற்பயணத்தில் காற்றின் போக்கையும் அவதானித்தார். பின்னர் மாலுமிகள் பலரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்து 1686 இல் ஒரு கட்டுரையும், உலகின் காற்றுகளைக் காட்டும் ஒரு படமும் வெளியிட்டார். வானிலைப் படங்களுக்கெல்லாம் முன்னோடி அது. ஞாயிற்றின் வெப்பத்தால் மத்தியகோட்டை அண்டிய காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்ப இருபுறமும் இருந்து காற்று ஓடிவருகின்றது என்று அவர் கூறியது சரியே. ஆனால் அது வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நேராக வராமல் கிழக்கிலிருந்து சாய்ந்து வருவதேன்? மேற்கு நோக்கி நகரும் சூரியனைக் காற்று பின்தொடர்கின்றது என்றார் ஹலி. அது பிழை. இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். அவரது படத்தில் பசுபிக் சமுத்திரத்தின் பெரும்பகுதி இடம்பெறவில்லை. நமது கதையின் விடை அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது.

சரியான விடைக்கு அருகில் வந்தவர் ஜோர்ஜ் ஹட்லி என்ற இலண்டன் வழக்கறிஞர். 1735 இல் அவர் எழுதிய கட்டுரை சில பக்கங்களே கொண்டது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. மத்தியகோட்டில் நிலத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1670 கிலோமீற்றர். 30 பாகை அகலக்கோட்டிலோ 1450 கிலோமீற்றர்தான். ஆகவே அங்கிருந்து மத்தியகோட்டை நோக்கி வரும் காற்று, தன்னிலும் விரைந்து கிழக்கே ஓடும் நிலத்துக்குப் பின்தங்கி விடுகின்றது. நிலத்தில் நிற்பவனுக்கு அது கிழக்கிலிருந்து வீசுவது போலத் தோன்றும். வட பாதியில் வடகீழ்க் காற்றாகவும், தென் பாதியில் தென்கீழ்க் காற்றாகவும் அது அமைவதன் சூட்சுமம் இதுவே. மேலெழுந்த காற்று வானில் துருவங்களை நோக்கிச் சென்று, குளிர்ந்து, மீண்டும் கீழிறங்கிச் சுற்றை நிறைவு செய்கின்றது என்றும் ஹட்லி கூறினார்.

இதனை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1793 இல் ஜோன் டால்ற்றன் தாமாகவே அதே முடிவுக்கு வந்த பின்னர்தான், தமக்கு முன்னரே ஒரு வழக்கறிஞர் அதனை எழுதி வைத்திருப்பதைக் கண்டார். ஹலி, ஹட்லி என்னும் பெயர்களின் ஒலியொற்றுமையால், ஹட்லியின் கருத்தை ஹலியின் தலையில் ஏற்றி எழுதியவர்களும் உண்டு. பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குநராக இருந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

ஹட்லி சொன்ன சுற்று துருவம் வரை செல்வதில்லை, 30 பாகை அளவிலேயே காற்று கீழிறங்கி விடுகின்றது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அமெரிக்கரான வில்லியம் பெரல் 1856 இல் அதற்கப்பால் இன்னொரு சுற்றைக் காட்டினார். மத்தியகோட்டில் மேலெழும்போதே தன் ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்ட காற்று, 30 பாகையில் வறண்டு இறங்குகின்றது. இறங்கும் காற்றில் முகில் திரளாது. சகாரா, அரேபியா, கலகாரி, அவுஸ்திரேலியாவின் நடுநிலம் யாவும் அந்த வரிசையிலேயே கிடக்கின்றன. ஓரிடத்தில் காடும் ஓரிடத்தில் பாலையுமாக உலகைப் பங்கிட்டது இந்தச் சுற்றுத்தான்.

நமக்கு இதில் நெருங்கிய உறவுண்டு. யாழ்ப்பாணத்தார் வாடை என்றும் சோழகம் என்றும் ஆண்டை இரண்டாக வகுத்த காற்றுகள், உண்மையில் இந்தத் தடக்காற்றுகளே. வடகீழ்ப் பருவக்காற்று வட பாதியின் தடக்காற்று. தென்மேற் பருவக்காற்றோ, தென் பாதியின் தென்கீழ்த் தடக்காற்று மத்தியகோட்டைத் தாண்டி வந்தது. கோடையில் இரு காற்றுகளும் சந்திக்கும் அயனவிடை ஒருங்கல் வலயம் இந்தியத் துணைக்கண்டத்தின் மீது ஏறிவிடுகின்றது. அதனை நாடி வரும் தென்கீழ்க் காற்று, மத்தியகோட்டைக் கடந்ததும் பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்காகின்றது. சோழகம் என்று நாம் அழைக்கும் காற்று, சில நாட்களுக்கு முன்னர் மடகஸ்காருக்குக் கிழக்கே வேறு திசையில் வீசிக்கொண்டிருந்த காற்றாக இருக்கக்கூடும்.

எனவே உலகக் காற்றோட்டம் எங்கோ ஓரிடத்தில் தளர்ந்தால் அந்தத் தளர்ச்சி நம் வாசலுக்கும் வரும். இதனை 1876 இல் எவரும் அறிந்திருக்கவில்லை.

அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் முதலில் தென்மேற் பருவமழை பொய்த்தது. ஒக்ரோபரில் வரவேண்டிய வடகீழ்ப் பருவமழையும் பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர், மைசூர் என்று வறட்சி பரவிற்று. 1877 இல் அது இந்தியாவின் பிற பகுதிகளையும் பற்றியது. இந்தியா முழுமைக்குமான மழைக் கணக்கு 1871 முதல் தொடர்ச்சியாக உண்டு. அந்த நீண்ட வரிசையில் 1877 ஐப் போலத் தென்மேற் பருவமழை குன்றிய ஆண்டு இன்றுவரை வேறில்லை. அதே காலத்தில் வட சீனத்திலும், பிறேசிலின் வடகிழக்கிலும் நிலம் வெடித்தது. சீனத்தில் மட்டும் 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுவர். தென்னிந்தியாவுக்கும் அதனைச் சூழ்ந்த பகுதிகளுக்குமான மதிப்பீடுகள் 55 இலட்சத்திலிருந்து 82 இலட்சம் வரை செல்கின்றன.

இந்தப் பஞ்சத்தை நாம் இன்று இவ்வளவு விரிவாக அறிவதற்கு ஒரு பத்திரிகையாளர் முக்கிய காரணம். அவர் கொழும்பிலிருந்து சென்றவர் என்பதை நம்மவர் பலர் அறியார். வில்லியம் டிக்பி 1871 இல் இருபத்திரண்டு வயது இளைஞராக இலங்கை வந்து, கொழும்பில் 'சிலோன் ஒப்சேவர்' ஏட்டில் துணை ஆசிரியராகப் பணியாற்றினார். சட்டசபை நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்து இலங்கையின் 'ஹன்சாட்' தொகுதிகளை ஆக்கியவரும் அவரே. உணவுப் பொருட்கள் மீதான வரிகளை எதிர்த்து எழுதினார். 1877 இல் 'மெட்றாஸ் ரைம்ஸ்' ஏட்டின் ஆசிரியராகச் சென்னை சென்றபோது பஞ்சம் உச்சத்தில் இருந்தது. அவரது எழுத்து இலண்டன் வரை எட்டியது. அங்கு திரட்டப்பட்ட நிவாரண நிதி ஏறத்தாழ 8 இலட்சத்து 20 ஆயிரம் பவுண். அதனைப் பகிர்ந்தளித்த குழுவின் செயலாளராகவும் டிக்பி பணியாற்றினார். 1878 இல் அவர் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகள், ஒவ்வொரு அரசாணையையும், ஒவ்வொரு மாவட்டத்தின் கணக்கையும் அடுக்கிச் செல்கின்றன. சலிப்பூட்டும் அளவுக்கு விபரங்கள். அந்தச் சலிப்புத்தான் அவற்றின் பலம். மறுக்க முடியாதபடி எழுதுவது எப்படி என்று அறிய விரும்பும் இளம் பத்திரிகையாளர் அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

டிக்பியின் பக்கங்களில் வரும் முதன்மையான பெயர் சேர் றிச்சர்ட் ரெம்பிள். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், மழை பொய்ப்பது வேறு, மக்கள் மடிவது வேறு என்பதற்கு இவர் ஒருவரின் வாழ்க்கையே போதிய சாட்சி.

1873 இல் பீகாரில் மழை தவறியது. அங்கு நிவாரணத்தைப் பொறுப்பேற்ற ரெம்பிள், பர்மாவிலிருந்து பெருமளவு அரிசியை அரசாங்கச் செலவில் இறக்குவித்தார். வேலை செய்ய முடிந்தவருக்கு வேலை, முடியாதவருக்கு இலவச உணவு. பட்டினிச் சாவு ஏறத்தாழ இல்லை என்றே சொல்லுமளவுக்கு அம்முயற்சி வெற்றி பெற்றது. இதற்காக அவர் பாராட்டப்படவில்லை. ஊதாரித்தனமாகச் செலவிட்டார் என்று இலண்டனிலும் கல்கத்தாவிலும் கண்டிக்கப்பட்டார். இவ்வளவு செலவழிக்க அங்கு பஞ்சமே இருக்கவில்லையே என்றுகூடச் சிலர் எழுதினர். சாவு தடுக்கப்பட்டதையே சாவு வந்திராது என்பதற்குச் சான்றாகக் காட்டிய வாதம் அது.

அந்தப் பாடத்தை ரெம்பிள் நன்றாகப் படித்துக்கொண்டார். 1877 ஜனவரியில் அரசப் பிரதிநிதி லிற்றன் பிரபு அவரைச் சென்னைக்கு அனுப்பினார். சிக்கனமே அவருக்கிட்ட கட்டளை. விக்ரோறியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாக டில்லித் தர்பாரில் பிரகடனப்படுத்தப்பட்டதும் அதே ஜனவரி முதலாம் நாள்தான். நிவாரண வேலைத்தலங்களில் கல்லுடைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சிறிது காசும் என்று கூலியை வெட்டினார் ரெம்பிள். அது வரலாற்றில் 'ரெம்பிள் கூலி' என்று பெயர் பெற்றது. சென்னையின் சுகாதார ஆணையாளர் வைத்தியர் கோர்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். வேலை செய்யும் உடலுக்கு அந்த உணவு போதாது, இது மெல்லக் கொல்லும் அளவு என்பதே அவரது வாதத்தின் சாரம். மே மாதத்தில் சென்னை அரசாங்கம் கூலியைக் கூட்டியது. அதற்குள் நாலு மாதங்கள் கடந்துவிட்டன.

தானியமே நாட்டில் இல்லாதிருந்ததா என்று வாசகர்கள் கேட்கலாம். வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு அரிசி வந்துகொண்டுதான் இருந்தது. வட இந்தியாவிலிருந்து பிரித்தானியாவுக்குக் கோதுமை ஏற்றுமதியும் அவ்வாண்டுகளில் நிறுத்தப்படவில்லை. சந்தையில் அரசு தலையிடலாகாது என்பது லிற்றனின் கொள்கை. புகையிரதம் வந்தால் பஞ்சம் போகும் என்று அதுவரை சொல்லப்பட்டு வந்தது. புகையிரதமோ, விலை உயர்ந்த இடத்துக்குத் தானியத்தைக் கொண்டு சென்றது. பசித்தவனின் கையில் காசை வைக்கவில்லை. பின்னர் 1880 இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணைக்குழுவே, மக்களுக்கு இல்லாமற்போனது வேலையும் வாங்கும் சக்தியுமே என்னும் பொருள்பட எழுதியது. சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்நாளைய நிவாரண வேலைகளுள் ஒன்று. அன்றைய ஆளுநரின் பெயரால் அது இன்றும் அழைக்கப்படுகின்றது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இந்த நிலையில் அரசாங்கத்திற்கு வானத்திலிருந்து ஒரு விளக்கம் கிடைத்தது. புகழ்பெற்ற வானியலாளர் நோர்மன் லொக்கியரும், இந்திய அரசின் புள்ளிவிபரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டரும் 1877 இல் இணைந்து எழுதிய கட்டுரை, சூரியனில் தோன்றும் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு தென்னிந்தியப் பஞ்சங்களைத் தொடுத்தது. புள்ளிகள் குறையும்போது மழை குறையும் என்பது அதன் கருத்து. அக்காலத்தில் இது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அவர்கள் நேர்மையான ஆய்வாளர்களே; வேண்டுமென்றே ஆட்சியைக் காப்பாற்ற எழுதினார்கள் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் சூரியன் குற்றவாளிக் கூண்டில் ஏறியபோது, அங்கே நின்றிருக்க வேண்டிய வேறு சிலர் மெல்ல இறங்கிச் செல்ல அது வசதியளித்தது. அந்தச் சுழற்சி அடுத்தடுத்த ஆண்டுகளின் மழைக்குப் பொருந்தி வராமையால் கோட்பாடு மங்கிப் போயிற்று.

ஆனால் அதே பஞ்சம் உண்மையான ஒரு விஞ்ஞானத்தையும் பிறப்பித்தது. இந்திய வானிலைத் திணைக்களம் 1875 இல், பஞ்சத்துக்கு ஓராண்டு முன்னர்தான், அமைக்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளன்போர்ட், பஞ்ச காலத்தில் இந்தியாவைத் தாண்டி மிகப் பரந்த ஒரு பகுதியில் வளியமுக்கம் வழமையிலும் உயர்ந்திருந்ததைக் கவனித்தார். அவுஸ்திரேலியாவில் கண்டத்தின் குறுக்கே தந்திக்கம்பி இழுத்து முடித்த சாள்ஸ் ரொட், இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வறட்சி ஒரே காலத்தில் நேர்கின்றது என்று 1880களில் எழுதினார். ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள இரு நாடுகளின் வானம் ஒன்றாகச் செயற்படுகின்றது என்ற எண்ணம் தந்தி வந்த பின்னரே சாத்தியமாயிற்று.

பிளன்போர்ட் இமயமலைப் பனியை வைத்துப் பருவமழையை முன்கூற முயன்றார். அவருக்குப் பின் வந்த ஜோன் எலியற் மேலும் பல குறிகளைச் சேர்த்தார். 1899 இல் மழை நன்றாகப் பெய்யும் என்று எலியற் அறிவித்தார். அவ்வாண்டு வறட்சி 1877 ஐ நெருங்கியது. மீண்டும் பஞ்சம்.

1904 இல் பதவியேற்றவர் கில்பேர்ட் வோக்கர். கேம்பிறிட்ஜ் கணிதத் தேர்வில் 1889 இல் முதலிடம் பெற்றவர். எறிந்தால் திரும்பி வரும் பூமராங் தடியின் இயக்கத்தை ஆராய்ந்ததால் 'பூமராங்' என்றே நண்பர்கள் அழைத்தனர். வானிலையியலில் அவருக்கு முன்னனுபவம் இல்லை. அதுவே நல்லதாயிற்று. மழை ஏன் பொய்க்கின்றது என்று கோட்பாடு கட்டுவதை விட்டு, உலகெங்கும் உள்ள நிலையங்களின் அமுக்கம், வெப்பநிலை, மழை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எதனோடு எது சேர்ந்து ஏறி இறங்குகின்றது என்று கணக்கிடத் தொடங்கினார். கணிப்பொறி இல்லாத காலம். இந்திய எழுதுவினைஞர்கள் அறை நிறைய அமர்ந்து ஆயிரமாயிரம் கூட்டல் பெருக்கல்களைக் கையாலேயே செய்தனர்.

தமிழருக்கு வோக்கர் இன்னொரு வகையிலும் கடன் கொடுத்தவர். 1913 இல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தபோது, அங்கு எழுதுவினைஞராக இருந்த இராமானுஜனின் குறிப்பேடு அவருக்குக் காட்டப்பட்டது. இது என் துறையன்று, ஆயினும் இவ்விளைஞர் கணிதத்துக்கே தம் காலத்தைச் செலவிட வழிசெய்ய வேண்டும் என்ற கருத்துப்படப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபா ஆய்வு உதவித்தொகை அதன்பின்னர் கிடைத்தது.

வோக்கரின் கணக்குகளிலிருந்து வெளிவந்தது ஓர் ஊஞ்சல். பசுபிக்கின் கிழக்கே அமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பகுதியில் தாழ்கின்றது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கின்றது. 1924 இல் அவர் அதற்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். இந்தியாவில் பருவமழை தவறுவது இந்த ஊஞ்சலின் ஒரு பக்கச் சாய்வோடு பொருந்தியது. ஆனால் ஊஞ்சலை ஆட்டும் கை எது? வோக்கருக்கு அது புலப்படவில்லை. பருவமழையை முன்கூட்டியே சொல்லும் குறி எதனையும் உறுதியாகக் கண்டடையாமலே அதே ஆண்டு ஓய்வு பெற்றார். 1958 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு ஆங்கிலேய வானிலையியற் கழகத்தின் ஏட்டில் வந்த நினைவுக் குறிப்பு, அவரது கண்டுபிடிப்புகளிலிருந்து உலக வானிலைக்கான ஒரு கோட்பாடு உருவாகும் என்ற நம்பிக்கை கைகூடுவதாகத் தெரியவில்லை என்னும் கருத்தைப் பணிவோடு தெரிவித்தது.

அக்குறிப்பு அச்சாகும் வேளையில் விடைக்கான சான்றுகள் கைக்கு வந்திருந்தன. 1957 யூலை முதல் 1958 டிசெம்பர் வரை சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு. பசுபிக் சமுத்திரம் முன்னெப்போதும் இல்லாதவாறு அளக்கப்பட்டது. அந்த ஆண்டே சமுத்திரமும் தன் வழக்கத்தை மாற்றியது. அவ்வளவுகளை ஆராய்ந்த நோர்வேஜியர் ஜேக்கப் பியர்க்னஸ், கலிபோர்னியாவில் இருந்து 1969 இல் எழுதிய கட்டுரையில் ஊஞ்சலை ஆட்டும் கையைக் காட்டினார். அந்தக் கை தடக்காற்றும் கடலும் கோத்துக்கொண்டதுதான்.

அதனை இவ்வாறு விளக்கலாம். பசுபிக்கில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் தடக்காற்று, கடலின் மேற்பரப்பில் உள்ள வெந்நீரை இந்தோனேசியப் பக்கமாகத் தள்ளிக் குவிக்கின்றது. அங்கே கடல்மட்டம் தென்னமெரிக்கக் கரையை விட ஏறத்தாழ அரை மீற்றர் உயர்ந்து நிற்கும். பெருவின் கரையில், தள்ளப்பட்ட நீருக்குப் பதிலாக ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழும். மேற்கில் வெப்பக் கடலின் மேல் காற்று எழுந்து மழை கொட்டும். கிழக்கில் குளிர்க் கடலின் மேல் காற்று இறங்கிப் பாலை விரியும். இந்தக் கிழக்கு மேற்குச் சுற்றுக்குப் பியர்க்னஸ் 'வோக்கர் சுற்று' என்று பெயரிட்டார். தடக்காற்று தளரும்போது குவிந்த வெந்நீர் கிழக்கே திரும்பி ஓடும். மழையும் அதனோடு நகரும். இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் காற்று எழுவதற்குப் பதிலாக இறங்கும். கடல் வெப்பமானதால் காற்று மேலும் தளரும், காற்றுத் தளர்ந்ததால் கடல் மேலும் வெப்பமாகும். பெருவின் மீனவர்கள் நத்தாரையொட்டி வரும் வெந்நீரோட்டத்துக்கு 'எல் நினோ', அதாவது பாலன் யேசு, என்று முன்பே பெயரிட்டிருந்தனர்.

அந்த 1957 டிசெம்பரை இலங்கையர் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கின்றனர். வடகீழ்ப் பருவமழை ஊழிபோலக் கொட்டி, நாச்சதூவக் குளம் உட்பட உலர்வலயத்தின் குளங்கள் பல உடைப்பெடுத்த ஆண்டு அது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற் பருவக்காற்று நலிவதும், அதே ஆண்டின் இறுதியில் தமிழகத்திலும் இலங்கையிலும் மழை மிகுவதும் பொதுவாகக் காணப்படும் போக்கு. 2015 இல் சென்னை மூழ்கியதும் எல் நினோ ஆண்டில்தான். ஒரு வெள்ளத்தை அது ஒன்றே கொண்டுவந்தது என்று கூற இயலாது. புயலுக்கும் தாழமுக்கத்துக்கும் தத்தம் கணக்கு உண்டு. என்றாலும் தடக்காற்றின் தளர்ச்சி வடக்கே வறட்சியாகவும் நமக்கு வெள்ளமாகவும் வரலாம் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த அறிவோடு தாது வருடத்துக்குத் திரும்பினால், அதன் கதை இரண்டு பாகமாகப் பிரிகின்றது. பழைய கப்பற் குறிப்புகள், மர வளையங்கள் முதலியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் அக்காலத்தை மீளக் கட்டியுள்ளனர். 2018 இல் வெளியான விரிவான ஆய்வொன்று கூறுவது இது: 1870 முதல் 1876 வரை பசுபிக் நீண்ட காலம் குளிர்ந்து கிடந்தது. அப்படியான காலங்களில் வடகீழ்ப் பருவமழை குறையும் போக்கு உண்டு. ஆகவே 1876 இல் சென்னை வறண்டதை எல் நினோவின் தலையில் கட்ட முடியாது. அடுத்த ஆண்டு, பதிவிலுள்ளவற்றுள் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று எழுந்தது. அத்துடன் இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் மாறுபட்டு நின்ற நிலையும் சேர்ந்தது. மூச்சுவிடும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடிகள்.

1877 செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் சென்னை மாகாணத்தில் மழை கொட்டியது. எல் நினோ ஆண்டுக்குரிய அந்த மழையே வறட்சியை முடித்து வைத்தது. சாவை அது முடிக்கவில்லை. எலும்பும் தோலுமாயிருந்த மக்களை, தேங்கிய நீரில் பெருகிய நுளம்பு கொண்டுவந்த மலேரியாக் காய்ச்சல் வாரிச் சென்றது. ஓராண்டுக்கு மேலாக ஒரு இறாத்தலிலும் அதற்குக் குறைவாகவும் உயிர்பிடித்து வைத்திருந்த உடல்கள் அவை. காற்றின் கணக்கில் இவர்களைச் சேர்ப்பது நீதியாகாது.

ஓடக்கூடியவர்கள் ஓடினர். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் கரைக்கு வந்து, வள்ளமேறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து வன்னிக் காடுகளினூடாக மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட வடபாதையில் நடந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஆட்கள் வருவது புதிதன்று. ஆனால் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பும் வழக்கம் இருந்த இடத்தில், இம்முறை திரும்புவதற்கு ஊரில் எதுவும் இல்லாதவர்கள் வந்தனர். குடும்பத்தோடு வந்தனர். வழியில் வாந்திபேதி. பாதையோரத்தில் வீழ்ந்தவர்களின் தொகையைச் சரிவர எழுதி வைத்தவர் எவருமில்லை. வந்து சேர்ந்தவர்களை வரவேற்றதோ, 1869 இல் தோன்றிய இலைநோயால் செத்துக்கொண்டிருந்த கோப்பிச் செடி. தேயிலை தழைக்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

1871ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் சென்னை மாகாணத்தின் மக்கட்தொகை 3 கோடி 12 இலட்சம். 1881 இல் அது 3 கோடி 8 இலட்சமாக இருந்தது. மைசூரில் 50 இலட்சத்து 55 ஆயிரம், 41 இலட்சத்து 86 ஆயிரமாகக் குறைந்தது.